பெயர் சொல்ல விரும்பாத மூக்கு

அசரியா சார் ஒரு தீர்மானம் எடுத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வீட்டுக்காரியைக் கேட்காமல் அவர் எடுத்த முதல் தீர்மானம். பழக்கமில்லாததால் தலை லேசாகச் சுற்றியது. தோல் டாக்டரின் அறைக்கு வெளியே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தீர்மானம் இதுதான்: தபீதாளுக்குத் தெரியக்கூடாது.

விஷயம் அவருடைய மூக்கில் இருந்தது. பெண்கள் மூக்குத்தி போட்டுக்கொள்ளும் இடத்தில், ஒரு ஜவ்வரிசி ஒட்டிக்கொண்ட மாதிரி சின்ன மேடு. துண்டால் முகம் துடைத்தால் ரத்தம் கசியும். பொருக்குக் கட்டும், உதிரும். ஆறிவிட்டது என்று நிம்மதியாகக் கண்ணாடி பார்க்கப் போனால் மறுபடியும் கசியும். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயுள் முழுக்க விசிலும் தொப்பியில்லாத தலையுமாக வெயிலில் நின்ற விளையாட்டு வாத்தியார் அவர். அத்தனை வருஷ வெயிலும் தங்க வேறு இடம் கிடைக்காமல் மூக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது போலிருந்தது.

டாக்டர் நித்யஸ்ரீ போன வாரம் அதிலிருந்து துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார். முடிவைச் சற்று முன்புதான் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்.

"தோல்ல வர்ற கேன்சர் சார். ஆனா இது உடம்பெல்லாம் பரவுற ரகம் பொதுவா இல்லை. பயப்பட வேண்டாம். சார், நான் சொல்றதைக் கேக்கறீங்களா?"

"கேக்கறேன் டாக்டர்."

"என்ன சொன்னேன்?"

"பயப்பட வேண்டாம்னு சொன்னீங்க."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி சொன்னதாலதான் பயமா இருக்கு."

டாக்டர் ஒரு தாளில் மூக்கு வரைந்து விளக்கினார். அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்வார்கள். மெல்லிய ஏடு மாதிரி எடுப்பார்கள். கட்டுப் போட்டு வெளியே உட்கார வைப்பார்கள். எடுத்ததை அங்கேயே மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். ஓரமெல்லாம் சுத்தமாக இருந்தால் தைத்து அனுப்பிவிடுவார்கள். எந்த மூலையிலாவது மிச்சம் தெரிந்தால் அந்த மூலையில் மட்டும் இன்னொரு ஏடு. மூக்கையும் காப்பாற்றலாம், நோயையும் விட்டுவைக்காமல் எடுக்கலாம். அடுத்த வியாழக்கிழமை, ஒரு பகல் முழுக்க ஆகும்.

"கூட யாராவது வரணும். மனைவி வருவாங்களா?"

"அவளுக்குத் தெரியவே கூடாது. நீங்களும் சொல்லக்கூடாது."

"நான் சொல்லவே மாட்டேன் சார்" என்றார் டாக்டர். ஏனோ சிரிப்பை அடக்குகிறவர் மாதிரி பேனாவை மூடினார்.

தெரியக்கூடாது என்பதற்குக் காரணம் இருந்தது. தபீதாளின் தங்கை பிளஸ்ஸி இதே கேன்சரில், ஆனால் இரக்கமில்லாத வேறு ரகத்தில் இறந்து இரண்டு வருஷமாகிறது. அதிலிருந்து அந்த வார்த்தை சேலையூர் வீட்டுக்குள் வந்ததில்லை. டிவியில் யாராவது அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தபீதாள் சத்தமில்லாமல் சேனலை மாற்றிவிடுவாள். கோயில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடியவள், பாட்டையே விட்டுவிட்டாள். போன கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான் சமையலறையில் வாய்க்குள் ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்திருக்கிறாள். அந்த முணுமுணுப்பு நின்றுவிடக் கூடாது. மூக்கு போனாலும் போகட்டும், அது நிற்கக் கூடாது. அவ்வளவுதான் அசரியா சாருக்கு.

இந்த டாக்டரிடம் வந்து சேர்ந்ததே தன் சாமர்த்தியம் என்று அவருக்கு ஒரு பெருமையும் உண்டு. மூன்று வாரத்துக்கு முன்பு தபீதாள் அவர் மூக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அது வெறும் பருங்க. பூண்டை நசுக்கி வெச்சா போயிடும்."

"இந்த வயசுலயா பரு வரும்?"

"சிலருக்கு லேட்டா வரும். நீங்க எதுலதான் சீக்கிரம்?"

"எதுக்கும் ஒரு டாக்டரைப் பாத்துடறேனே."

"வேண்டவே வேண்டாம். அதுவும் வேளச்சேரி ரோட்டுல, அந்தக் கண்ணாடிக் கட்டடத்து ஆஸ்பத்திரியில, ரெண்டாவது மாடியில நித்யஸ்ரீன்னு ஒரு தோல் டாக்டர் இருக்காங்களாம். அங்க மட்டும் போயிடாதீங்க. செவ்வாய், வியாழன் ரெண்டு நாள்தான் வருவாங்க. அரை நாள் உக்கார வெச்சுடுவாங்களாம்."

சொல்லிவிட்டுப் பூண்டு நசுக்க உள்ளே போனாள். வாசனை கூடத்துக்கு வந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு, பேப்பர் வாங்கப் போவதாகச் சொல்லி வெளியே வந்தவர், நேராக அந்தக் கண்ணாடிக் கட்டடத்து இரண்டாவது மாடியில்தான் நின்றார். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. வீட்டுக்காரி வாயாலேயே விலாசம் வாங்கிக்கொண்டு அவளையே ஏமாற்றுகிற ஆண்கள் தாம்பரம் தாலுக்காவில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று அவர் ஆட்டோவில் யோசித்துக்கொண்டே போனார்.

துளி எடுத்த அன்று மூக்கில் பிளாஸ்திரியோடு வீட்டுக்குப் போனபோதும் அவர் அசரவில்லை.

"என்னங்க அது?"

"ஷேவ் பண்ணும்போது வெட்டிக்கிட்டேன்."

தபீதாள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "மூக்குலயும் ஷேவ் பண்றீங்களா?"

"இப்பல்லாம் எல்லாரும் பண்றாங்க."

"நல்லதுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வெகுளி என்று நினைத்துக்கொண்டார். பாவமாகவும் இருந்தது.

இனி கூட வருவதற்கு ஒரு ஆள் வேண்டும். கீழ் போர்ஷனில் குடியிருக்கும் ஆபேல் இருந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர். பழைய மாருதி கார் ஒன்று வைத்திருந்தார்.

"ஆபேல், இது நம்ம ரெண்டு பேரைத் தாண்டிப் போகக்கூடாது."

"அண்ணே, என் வாய்க்குப் பூட்டு போட்டாச்சுன்னு நெனச்சுக்கங்க. அக்காகிட்ட அன்னைக்கு எங்க போறதா சொல்லப்போறீங்க?"

"கோவளத்துக்கு மீன் வாங்கப் போறோம்னு சொல்லிடலாமா?"

"காலையில போய் சாயங்காலம் வரைக்கும் மீனா? அப்புறம் மீன் இல்லாம மூக்குல கட்டோட வந்தா, மீன்தான் கடிச்சுதுன்னு சொல்லணும்."

யோசித்து யோசித்துக் கடைசியில் காட்டாங்குளத்தூருக்கு வந்தார்கள். பழைய மாணவன் ஒருவன் அங்கே கல்லூரியில் வேலை பார்க்கிறான். வியாழக்கிழமை விளையாட்டு விழா. சிறப்பு விருந்தினர் அசரியா சார். விளையாட்டு விழா என்றால் நாள் முழுக்க நடக்கும். பந்தும் பறக்கும். மூக்கில் கட்டு வருவதற்கும் வழி இருந்தது.

எல்லாம் பக்குவமாக அமைந்த பிறகு அவர் ஒரு தப்பு செய்தார்.

ஜெபிக்காமல் ஆபரேஷனுக்குப் போக அவருக்கு மனம் வரவில்லை. தனியாக ஜெபித்துப் பார்த்தார், போதுமானதாகத் தோன்றவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பாஸ்டரைப் பார்த்து விஷயத்தைச் சொன்னார். "ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில ஒரு வார்த்தை ஜெபிங்க ஐயா. பெயர் மட்டும் சொல்லிடாதீங்க."

"பெயர் வராது" என்று பாஸ்டர் வாக்குக் கொடுத்தார். நல்ல மனுஷன். வாக்கைக் காப்பாற்றினார்.

"கர்த்தாவே" என்று மறுநாள் மைக்கில் ஆரம்பித்தார். "பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரனை உம்முடைய பாதத்தில் வைக்கிறோம். வருகிற வியாழக்கிழமை அவருடைய மூக்கில் நடக்கப்போகும் சிகிச்சையை ஆசீர்வதியும். பல வருஷங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் கொளுத்தும் வெயிலில் நின்று பிள்ளைகளுக்கு ஓட்டமும் தாண்டுதலும் கற்றுக்கொடுத்த அந்த மூக்கை, தகப்பனே, நீர் நினைத்தருளும்."

சபையில் எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். மூடியபடியே பலருடைய தலை மூன்றாவது வரிசைக்குத் திரும்பியது. அசரியா சார் கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடினார். மூடியதும் மற்றவர்களும் திரும்பினார்கள். பெண்கள் பக்கத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். தபீதாள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி "ஆமென்" என்றாள்.

கேம்ப் ரோட்டில் நடந்து வரும்போது அவளே பேச்செடுத்தாள்.

"பாவம்ங்க. யாரோ தெரியலை."

"யாரா இருந்தா என்ன. ஊர்ல எத்தனையோ மூக்கு."

"நாமளும் வீட்ல அவருக்காக ஜெபிக்கணும்."

"ஜெபிப்போமே" என்றார். முதுகில் வியர்வை வழிந்தது. ஆனாலும் தப்பித்துவிட்டோம் என்று இருந்தது.

ஜெபித்தாள். தினமும் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபத்தில் அந்தப் பெயர் தெரியாத சகோதரருக்குத்தான் முதலிடம். "ஆண்டவரே, அந்த சகோதரருக்குப் பிடிவாதத்தை எடுத்துப்போடும். நர்ஸ் சொல்றதைக் கேக்கிற மனசைக் கொடும். கட்டைப் பிரிச்சுப் பிரிச்சுப் பாக்கிற கெட்ட பழக்கத்தைத் தடுத்தருளும்." அசரியா சார் ஒவ்வொன்றுக்கும் ஆமென் சொல்லிக்கொண்டு, இவ்வளவு கெட்ட பழக்கமுள்ளவனா அந்த சகோதரன் என்று உள்ளுக்குள் கோபப்பட்டார். புதன்கிழமை மட்டும் அவள் கூடுதலாக ஒன்று சொன்னாள். "அவருடைய மனைவியையும் நினைத்தருளும் ஆண்டவரே." அந்த இடத்தில் குரல் கொஞ்சம் இடறியது. ரசம் காரமாக இருக்கும், நெடி ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையில் டி-சர்ட்டை எடுத்தார். தபீதாள் பிடுங்கி வைத்தாள்.

"சீஃப் கெஸ்ட் யாராவது டி-சர்ட் போடுவாங்களா? தலைவழியா மாட்டற சட்டையே வேண்டாம். பட்டன் வெச்ச சட்டை போடுங்க."

ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். மறந்துபோயிருந்தார். அடுத்து ஒரு தூக்குச் சட்டியை நீட்டினாள்.

"இது என்ன?"

"தயிர் சாதம். நல்லா குழைச்சிருக்கேன். மெல்லவே வேண்டாம்."

"விழாவுல சாப்பாடு போடுவாங்களே தபீ."

"போடுவாங்க. மென்னு சாப்பிடணும். நீங்க பேசிக்கிட்டே சாப்பிடற ஆளு."

கீழே ஆபேல் ஹாரன் அடித்தார். தபீதாள் வாசல் வரை வந்து, அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது. இருந்தும் இன்னொரு தடவை சரிசெய்தாள்.

ஆஸ்பத்திரியில் பச்சை அங்கி கொடுத்தார்கள். சரசு என்கிற ஆயாம்மா அவரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனாள்.

"இன்னா சார், மூக்கை சும்மா தொட்டுகினே கீறே? அது எங்கயும் ஓடிப் போவாது. ஊசி போடுற வரிக்கும்தான் பேஜாரு. அதுக்கப்புறம் ஒண்ணியும் தெரியாது."

படுத்தார். விளக்கு வந்தது. ஊசி வந்தது. மூக்கில் ஊசி போடுவது என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்தது. அவருடைய ஞாபகத்தின்படி, அவர் வாயே திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சிங்கத்தைப் போலப் படுத்திருந்தார். பிறகு சரசு சொன்னது போலவே ஒன்றும் தெரியவில்லை. முகத்தில் இழுக்கிற மாதிரி மட்டும் இருந்தது. கட்டுப் போட்டு வெளியே அனுப்பினார்கள். "நல்லா தெகிரியமான ஆளு சார் நீ" என்று சரசு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வெளி ஹாலில் அவரைப் போல இன்னும் இரண்டு பேர், ஒருவர் காதில் கட்டோடும் ஒரு பெரியம்மா கன்னத்தில் கட்டோடும் உட்கார்ந்திருந்தார்கள். உறவுக்காரர்கள் கூட இருந்தார்கள். கன்னத்தில் கட்டுப் போட்டவருக்கு அவருடைய கணவர் விசிறிக்கொண்டிருந்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. இருந்தும் விசிறினார். ஆபேலைக் காணோம். கொஞ்ச நேரம் கழித்து மருந்துக்கடைப் பக்கமிருந்து வந்தார்.

"எங்க போனே?"

"ஒரு போன் அண்ணே. ஈபி ஆபீஸ்."

தயிர் சாதம் சாப்பிடும்போது உதடு யாருடையதோ மாதிரி இருந்தது. மெல்ல வேண்டியிருந்தால் நாக்கைக் கடித்திருப்பார். ஆண்டவருடைய கிருபை என்று நினைத்துக்கொண்டார்.

டாக்டர் வந்தார். "சார், கிட்டத்தட்ட எல்லாம் போயாச்சு. கண்ணுக்குக் கிட்ட இருக்கிற ஓரத்துல மட்டும் கொஞ்சம் மிச்சம் தெரியுது. அங்க மட்டும் இன்னொரு தடவை எடுக்கணும்."

"கண்ணுக்குக் கிட்டயா?"

"கண்ணு தூரத்துல இருக்கு சார். அந்தப் பக்கம்னு சொன்னேன்."

டாக்டர் போனபிறகு அசரியா சார் அந்த ஒரு வார்த்தையிலேயே நின்றார். மிச்சம் என்றால் எவ்வளவு மிச்சம்? அதை எடுத்தால் அதற்கும் ஒரு மிச்சம் இருக்குமோ? பிளஸ்ஸிக்கும் முதலில் இப்படித்தானே சொன்னார்கள், எல்லாம் போய்விட்டது, கொஞ்சம்தான் என்று. ஆபேல் மறுபடியும் ஈபி ஆபீஸுக்கு எழுந்து போயிருந்தார். தனியாக உட்கார்ந்திருந்தவர், தீர்மானத்தையெல்லாம் மறந்து தபீதாளுக்குப் போன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்னங்க? விழா எப்படி நடக்குது?"

"நடக்குது. முதல் சுற்று முடிஞ்சுது. ஒரு பையனை ரெண்டாவது சுற்று ஓடச் சொல்றாங்க."

"அதனால என்ன? முதல் சுற்றுலயே ஜெயிக்கணும்னு இருக்கா?"

"இல்லை. ரெண்டாவதுலயும் வரலைன்னா?"

"மூணாவது ஓடறது. நீங்கதானே பசங்களுக்குச் சொல்லுவீங்க, கோடு தாண்டற வரைக்கும் திரும்பிப் பாக்காதேன்னு. அதைப் போய் அந்தப் பையன்கிட்ட சொல்லுங்க."

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார். அப்போது ஒலிபெருக்கியில் ஒரு டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். போனுக்குள்ளும் அதே நம்பர் கேட்டது.

"தபீ, அங்க என்ன சத்தம்?"

"டிவிங்க" என்றாள். "போங்க, பையன் காத்துக்கிட்டிருப்பான்."

அவர் எழுந்து போனார். திரும்பிப் பார்க்காமல் போனார்.

இரண்டாவது ஏடு சுத்தமாக இருந்தது. டாக்டர் வந்து "ஓரத்துல ஒண்ணுமே மிச்சமில்லை சார். முடிஞ்சுது" என்றபோது, அசரியா சார் படுத்தபடியே கை கூப்பினார். கண்ணிலிருந்து வழிந்ததை சரசு பஞ்சால் ஒற்றினாள். தைத்து, மூக்கின் மேல் ஒரு சின்னத் தலையணை அளவுக்குக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

திரும்பும்போது ஆபேல் காரை மாட்டு வண்டி மாதிரி ஓட்டினார். இளநீர்க் கடையில் நிறுத்தினார். பெட்ரோல் பங்கில் நிறுத்தினார். பெட்ரோல் போடவில்லை, காற்று மட்டும் பிடித்தார்.

"சீக்கிரம் போப்பா."

"குலுங்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க அண்ணே. கதையை இன்னொரு தடவை சொல்லிப்பாருங்க."

"கிரிக்கெட் பந்து. நான் பரிசு கொடுக்க மேடை ஏறினேன். பந்து வந்து மூக்குல பட்டுது."

"பரிசு கொடுக்கிற நேரத்துல யாரு பந்து அடிச்சா?"

"பரிசு கிடைக்காத பையன்."

கதை பிரமாதமாக இருந்தது. மாடிப்படி ஏறி, மணியடிக்கக் கையைத் தூக்கினார். அதற்குள் கதவு திறந்தது. தபீதாளுக்கு மூச்சு வாங்கியது. வெளியே போகும்போது கட்டுகிற புடவையில் இருந்தாள்.

"அடடா!" என்றாள். "பந்து பட்டுதா?"

அசரியா சார் திறந்த வாயை மூடவில்லை. ஆபேலைப் பார்த்தார். ஆபேல் கூரையில் ஒட்டடை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா. கிரிக்கெட் பந்து."

"யாரு அடிச்சா?"

"ஒரு பையன்."

"நல்ல பையன்ங்க. எவ்வளவு சுத்தமா அடிச்சிருக்கான். ஓரத்துல ஒண்ணுமே மிச்சமில்லைன்னு சொல்லிட்டாங்களே."

ஆபேல் "நான் வரேன் அக்கா" என்று சொல்லி இரண்டு இரண்டு படியாக இறங்கிப் போய்விட்டார். உள்ளே கட்டிலில் இரண்டு தலையணையை அடுக்கி, சாய்ந்து படுக்கத் தயாராக வைத்திருந்தது. பக்கத்தில் துணியில் சுற்றிய ஐஸ்.

படுக்க வைத்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

"எப்பத்திலேருந்து தெரியும்?"

"உங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே. நீங்க தூங்கும்போது மூக்கைப் போட்டோ எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டினேன். உடனே கூட்டிட்டு வாங்கன்னாங்க. உங்களையா? பல்லு புடுங்கக் கூட்டிட்டுப் போனப்ப சிக்னல்ல பஸ்ஸை விட்டு எறங்கி ஓடின ஆளு நீங்க. அதான் வீட்டுக்கு வந்து, அங்க போகாதீங்கன்னு சொன்னேன்."

"பூண்டு?"

"நசுக்கினது குழம்புக்கு."

"உனக்குப் பயமா இல்லையா தபீ? பிளஸ்ஸி..."

"இருந்துது." ஐஸ் துணியை மெதுவாக அவர் கன்னத்தில் வைத்தாள். "எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, நீங்க என் முகத்தையே பாத்துக்கிட்டிருப்பீங்க. நான் அழுதா நீங்களும் அழுவீங்க. ரெண்டு பேரும் வீட்லயே உக்காந்திருப்போம். இப்படின்னா, என்னைக் காப்பாத்தறதா நெனச்சுக்கிட்டு நிமிந்து நடந்து போனீங்க. பாக்க நல்லா இருந்துதுங்க. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரலை."

அவளுடைய கையை அவர் பிடித்துக்கொண்டார். விடவில்லை. வெளியே கேம்ப் ரோட்டில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. தோற்றது முழுத் தோல்விதான், ஒத்துக்கொண்டார். ஆனாலும் ஆண்பிள்ளைக்கு ஏதாவது ஒன்று மிஞ்ச வேண்டுமல்லவா.

"ஒண்ணு மட்டும் நீ தெரிஞ்சுக்கணும் தபீ. மூக்குல ஊசி போட்டாங்க. எவ்வளவு பெரிய ஊசி! நான் மூச்சுக்கூட விடலை. வேணும்னா யாரை வேணும்னாலும் கேட்டுப்பாரு."

தபீதாள் போர்வையை இழுத்து அவர் நெஞ்சு வரைக்கும் மூடினாள்.

"யாரை எதுக்குக் கேக்கணும்? 'தபீ'ன்னு நீங்க போட்ட கூச்சல்ல, வெளியில உக்காந்திருந்த நான் 'இதோ வந்துட்டேங்க'ன்னு எழுந்து ஓடிவந்துட்டேன். ஆபேல் தம்பிதான் என்னைப் புடிச்சு உக்கார வெச்சார்."